மணவாளனின் நாற்பதாயிரம் ரூபாய் ரிமோட் கார்

அண்ணாமலை நகரில் ஆய்வக உதவியாளராக இருக்கும் மணவாளனுக்கு மலிவு என்ற சொல்லே ஆகாது. குடையோ, செருப்போ, மிக்ஸியோ, கடையில் இருப்பதிலேயே விலை கூடியதுதான் அவர் வீட்டுக்கு வரும். வந்ததோடு சரி. மழை பெய்தால் குடை நனைந்துவிடும் என்று தான் நனைந்துகொண்டே வருகிற மனிதர் அவர்.

போன பொங்கலுக்கு அவர் வாங்கியது ஒரு ரிமோட் கார். மணலிலும் மேடு பள்ளத்திலும் பாய்கிற பக்கி ரகம், நாற்பதாயிரம் ரூபாய். ஐம்பது வயதில் இது எதற்கு என்று மனைவி ஸ்ரீமதி கேட்கவில்லை. கேட்டால் ஷாக் அப்சார்பரில் தொடங்கிப் பேட்டரி வரை வகுப்பு நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். கார் ஷோகேஸில் குடியேறியது. வருகிறவர்களுக்குக் காபி கொடுக்கும் முன்பே அது மணிக்கு அறுபது கிலோமீட்டர் போகும் என்ற செய்தி கொடுக்கப்பட்டது. ஓட்டிக் காட்டச் சொன்னால் மட்டும் இடம் சரியில்லை. மாடியில் சுவர், தெருவில் நாய், மைதானத்தில் புழுதி.

ஸ்ரீமதியின் தம்பி கதிர்வேல் கடலூரில் டூவீலர் மெக்கானிக். இந்தப் பொங்கலுக்கு வந்தவன், தொள்ளாயிரம் ரூபாய்க்கு வாங்கிய தன் ரிமோட் காரை மாமாவின் ஹாலிலேயே ஓட்டி, நாற்காலியில் முட்டி, இதற்கும் நாலு சக்கரம்தானே என்று சிரித்தான். மணவாளனுக்குச் சுருக்கென்றது. கல்யாணமாகி இருபது வருஷத்தில் இந்த மச்சானிடம் எந்தப் பேச்சிலும் அவர் ஜெயித்ததில்லை. ஒரே ஒரு தடவை ஜெயித்துவிட வேண்டும் என்ற வெறியில் வார்த்தையை விட்டார்.

"காணும் பொங்கலுக்கு உங்க ஊரு சில்வர் பீச்சுக்கு வரேன், ஓட்டிப் பாத்துடலாம். உன் பிளாஸ்டிக் முந்திடுச்சின்னா என் வண்டி உனக்கு."

முதல் ஓட்டம் பூஜை இல்லாமல் நடக்குமா? கடற்கரையில் அத்தனை கூட்டத்துக்கு நடுவே காருக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். லாரிக்குப் போடும் பக்தியோடு சாமந்தி மாலை ஒன்றைச் சுற்றினார். காற்றில் அணைந்த கற்பூரத்தை மூன்று தடவை ஏற்றினார். சுண்டல் விற்றவர்கூட நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். மாலையைக் கழற்றிவிட்டு ஓட்டுங்கள் என்று கதிர்வேல் சொல்லத்தான் செய்தான். பூஜை போட்ட மாலையை உடனே கழற்றுவார்களா என்று மாமா முறைத்தார்.

விசையை அழுத்தினார். எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு கார் பத்தடி பாய்ந்தது. அதற்குள் மாலை நழுவி, அதன் நார் பின் அச்சில் சுற்றி இறுக, ஒரு உறுமலோடு நின்றுவிட்டது. தொள்ளாயிரம் ரூபாய் கார் மணலில் திக்கித் திணறி அதைத் தாண்டிப் போயிற்று. கூட நடந்து போயிருந்தால் மணவாளனே அதை முந்தியிருப்பார்.

கதிர்வேல் சிரிக்கவில்லை. உட்கார்ந்து, சட்டைப்பையிலிருந்த ஸ்பேனரால் சக்கரத்தைக் கழற்றி, நாரை அறுத்தெடுத்து, மோட்டார் சூடு ஆறும்வரை காத்திருந்தான். பிறகு மாமாவின் கையிலிருந்த ரிமோட்டை வாங்கிக்கொண்டு தன்னுடையதைக் கொடுத்தான். நாற்பதாயிரம் ரூபாய் கார் பறந்தது. மணல் மேட்டில் ஏறி ஆள் உயரத்துக்குத் தாவி, ஈர மணலில் இறங்கி, அலை வருவதற்குள் திரும்பியது. ஜனம் கைதட்டியது. கொடுத்த காசுக்குத் தகுந்த வண்டிதான் என்று ஒருவர் கதிர்வேலைப் பார்த்துச் சொன்னார். ஒரு வருஷமாக மணவாளன் சொல்லிவந்ததை ஊரே ஒப்புக்கொண்டுவிட்டது. அவருக்குப் பெருமையும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

"இவ்ளோ வேகமா போவுமா இது?" என்றாள் ஸ்ரீமதி. "ஒரு வருஷமா நம்ம வூட்லதானே இருந்திச்சி."

கதிர்வேல் காரைத் தூக்கிக்கொண்டு வந்து நீட்டினான்.

"பந்தயமெல்லாம் சும்மா மாமா. எடுத்துக்குங்க."

வாங்கிப் பார்த்தார். சக்கரமெல்லாம் மண், பக்கவாட்டில் புதிதாக ஒரு கீறல். கை தானாகவே வேட்டி நுனியால் அதைத் துடைக்க ஆரம்பித்தது. பாதியில் நிறுத்தினார்.

"வேணாம் மச்சான், நீயே வச்சிக்க," என்றார். "எங்கிட்ட வந்தா திரும்பவும் சும்மாதான் உக்காந்திருக்கும்."