வளையல் ஏறாத கையைப் பார்த்தவர்

மூன்று வாரத்துக்கு முன்பு, திராட்சைத் தோட்டத்தில் ஆட்களுக்கு மத்தியானச் சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்தேன். இங்கிலாந்திலிருந்து மகள் கவிதா போன் செய்தாள். "அம்மா, பிலோமினா சிஸ்டர் போயிட்டாக" என்றாள். கரண்டியைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்துவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஆறு மாதமாக வயிற்றில் கட்டியாம். வேலைக்குப் போவதை மட்டும் நிறுத்தவில்லையாம்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பிலோமினா சிஸ்டர் நம் ராயப்பன்பட்டியில் ஓர் ஆசிரியர் வீட்டில் பிறந்தவர். மதுரையில் நர்ஸ் படிப்பை முடித்து இங்கிலாந்துக்குப் போனவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மாசமான பெண்களைப் பேறுகாலம் வரைக்கும் பார்த்துக்கொள்வது அவர் வேலை. அதற்கு அங்கே மிட்வைஃப் என்று பெயர்.

கவிதாவுக்கு ஏழாம் மாதம் நடக்கும்போது நான் அங்கே போனேன். போகும்போதே மனசில் கோபம். தேனியில் என்றால் மாசாமாசம் டாக்டரம்மா பார்ப்பார், ஸ்கேன் எடுப்பார், டானிக் எழுதுவார். அங்கேயோ இவள் ஒரு டாக்டரின் முகத்தைக்கூடப் பார்த்திருக்கவில்லை. முதல் தடவை கூடப் போனபோது, நீலச் சட்டை போட்ட ஓர் அம்மா இஞ்சி டேப்பால் என் மகள் வயிற்றை அளந்தார். அதற்கு முன் பார்த்தவர் மாற்றலாகிப் போனதால் இவர் அன்றுதான் புதிதாக வந்திருந்தார்.

"இதென்ன கூத்து, ஜாக்கெட் தைக்கவா அளக்குறாக?" என்று கவிதாவிடம் தமிழில் சொன்னேன்.

அந்த அம்மா திரும்பாமலே பதில் சொன்னார். "ஆமாக்கா, உங்க பேரப்பிள்ளைக்குச் சட்ட தைக்கத்தான். நீங்க கம்பமா, கூடலூரா?"

அவர்தான் பிலோமினா சிஸ்டர். நானும் விடாமல், "டாக்டர் எப்ப வருவாக?" என்று கேட்டேன்.

"டாக்டருக்கு வேல வராமப் பாத்துக்கிறதுக்குத்தான் எனக்குச் சம்பளம்" என்றார்.

அங்கே கேட்டால் ஆணா பெண்ணா என்று சொல்லிவிடுவார்களாம். கதவைப் பார்த்துக்கொண்டு மெதுவாகக் கேட்டேன். "ஏங்க்கா குசுகுசுன்னு பேசுறீக? இங்கன போலீசு வராது. ஆனா உங்க மக வேணாம்னுட்டா. அவ வயிறு, அவ பேச்சு" என்று முடித்துவிட்டார்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஒவ்வொரு தடவையும் கூட வந்தவர்களை இரண்டு நிமிடம் வெளியே அனுப்பிவிட்டுத்தான் கர்ப்பிணியிடம் பேசுவார். எனக்கு அது பொறுக்கவில்லை. நம் பக்கம் டாக்டரிடம் போனால் பெண்ணுக்காகத் தாய்தான் பதில் சொல்வாள். பசிக்கிறதா, தூங்குகிறாளா, எல்லாவற்றுக்கும் நானே சொல்லிப் பழகியவள்.

"பெத்தவளுக்குத் தெரியாம அப்படி என்ன ரகசியம்?" என்று ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"பெத்தவகிட்டச் சொல்ல முடியாத ஒண்ணு எல்லாப் பொண்ணுக்கும் இருக்கும்க்கா. உங்களுக்கு இல்லையா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நான் எழுந்து வெளியே போய் உட்கார்ந்தேன்.

ஒன்பதாம் மாதம் பிறந்ததும் வீட்டிலேயே வளைகாப்பு வைத்தோம். தமிழ்க் குடும்பங்கள் ஆறேழு வந்திருந்தன. கவிதாவின் கை அளவு சொல்லித் தேனியில் வாங்கிக் கொண்டுபோன கண்ணாடி வளையல்கள், புறங்கையைத் தாண்ட மாட்டேன் என்றன. "கடைக்காரன் அளவ மாத்திக் குடுத்துட்டான்" என்று நான் திட்டினேன். "மாப்பிள்ள நல்லா ஆக்கிப் போட்டிருக்காக, கை கொழுத்துப் போச்சு" என்று ஒருத்தி கேலி பேசினாள். எல்லாரும் சிரித்தோம். சோப்புத் தண்ணீர் தடவிக் கைக்கு ஐந்து வளையலை ஏற்றியும்விட்டேன். அவள் கால் வீங்கியிருந்ததும் எனக்குத் தெரியும். பிள்ளைத்தாய்ச்சிக்கு அது வழக்கம்தான் என்று நானே பார்லித் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்துவிட்டு, சிஸ்டரிடம் அதைச் சொல்லாமல் விட்டிருந்தேன்.

அப்போதுதான் சிஸ்டர் டூட்டி முடிந்து, பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்தார். நலங்கு வைக்கக் கவிதாவின் கையைப் பிடித்தவர் அப்படியே நின்றார். கட்டைவிரலால் புறங்கையை அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி நிரம்பவில்லை.

"தல வலிக்குதா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல சிஸ்டர், தூக்கம் பத்தல" என்றேன் நான்.

"அக்கா, நான் உங்ககிட்டக் கேக்கல. கவிதா, நீ சொல்லுத்தா."

என் மகள் என்னைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். "மூணு நாளா வலிக்குது. கண்ணுல பூச்சி பறக்குது. அம்மா பயந்துருவாகன்னு சொல்லல."

சிஸ்டர் காரிலிருந்து ரத்த அழுத்தம் பார்க்கும் மிஷினை எடுத்துவந்தார். அளவைப் பார்த்ததும் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார். நலங்கைப் பாதியில் நிறுத்தி எழுப்பக்கூடாது என்று நான் குறுக்கே நின்றேன். எங்கள் வழக்கம் அது. அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "நெத்தியில சந்தனத்த மட்டும் வச்சு விடுங்கக்கா. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்" என்றார். சந்தனத்தை வைத்துவிட்டு விலகினேன்.

ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றுவதற்கு வளையல் இடைஞ்சலாக இருந்தது. ஒரு வெள்ளைக்கார டாக்டர் அவற்றை உடைக்கக் குறடு எடுத்தார். பிள்ளை பிறக்கும் முன்னே வளையலை உடைப்பதா என்று நான் போட்ட சத்தத்தில் அந்த வார்டே திரும்பிப் பார்த்தது. சிஸ்டர் டாக்டரிடம் இங்கிலீசில் ஏதோ சொன்னார். கவிதாவின் கையில் மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டி, எண்ணெய் தடவி, ஒவ்வொன்றாக உருவினார். "பத்தும் முழுசா இருக்குக்கா, பிடிங்க" என்று என் மடியில் போட்டுவிட்டு உள்ளே ஓடினார். இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் தாய்க்கு வலிப்பு வந்திருக்கலாம், இரண்டு உயிருக்கும் உறுதி சொல்ல முடியாது என்று பிறகு விளக்கினார்கள்.

அன்றைக்கே ஆபரேஷன் செய்து பேத்தி பிறந்தாள். குறைமாதம் என்பதால் கண்ணாடிப் பெட்டிக்குள் பல நாள் கிடந்தாள். சிஸ்டர் வேலை முடிந்ததும் வந்து என்னோடு அந்தப் பெட்டி முன்னால் நிற்பார்.

"நானே கொன்னுருப்பேனே சிஸ்டர்" என்று ஒரு நாள் அழுதேன்.

"நீங்க ஆசையா வளையல் போட்டீக. அதுல தப்பில்ல. இனிமே பிள்ளயக் கேட்டாப் பிள்ள பதில் சொல்லட்டும். அது போதும்" என்றார்.

அந்தப் பேத்தி இனியா இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். லீவுக்கு ஊருக்கு வரும்போது யாராவது அவளிடம் ஏதாவது கேட்டால் நான் வாயைத் திறப்பதில்லை. அவள் பேசுகிற பேச்சுக்கு நான் திறந்தாலும் இடம் இருக்காது.

பன்னிரண்டாம் நாள் சிஸ்டரின் உடல் ராயப்பன்பட்டிக்கு வந்தது. அவருடைய தாயாருக்கு எண்பது வயதுக்கு மேல். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்ததும், "எம் மக அங்கன என்ன வேல பாத்தா தாயி? போன்ல கேட்டா, சாப்பிட்டேம்மா, டூட்டி முடிஞ்சிருச்சும்மான்னுவா. வேறொண்ணும் சொல்ல மாட்டா" என்றார்.

நான் சொன்னேன். சவப்பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்து, வளைகாப்பிலிருந்து கண்ணாடிப் பெட்டி வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன். சுற்றியிருந்தவர்கள் அழுகையை நிறுத்திக் கேட்டார்கள். அந்தத் தாய் மகளின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, "இந்தக் கையா?" என்று கேட்டார்.

"அந்தக் கைதாம்மா."

எங்கள் வீட்டுப் பெண்கள் மயானத்துக்குப் போவதில்லை. நான் அன்று போனேன். குழிக்குள் ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டார்கள். நான் மூன்றாவது பிடியை அள்ளியபோது, அருகில் நின்ற சர்ச் உபதேசியார், "ஒண்ணு போட்டாப் போதும்மா" என்றார்.

"ஒண்ணுதான் என்னோடது. மத்த ரெண்டும் வர முடியாதவுக குடுத்து விட்டது" என்றேன்.

அவர் ஒதுங்கி வழி விட்டார். சிஸ்டர், உங்களுக்கு டூட்டி முடிந்தது. நிம்மதியாகத் தூங்குங்கள்.