முதல் பாகம் மாமாவிடம் இருந்தது

அப்பாவைத் தேடி பம்பாய்க்குப் போன மாமா, பதினைந்து நாள் கழித்து ஒரு ருஷ்ய நாவலோடு முக்கூடல் வந்து சேர்ந்தார். அப்பாவின் கடிதம் நின்று இரண்டு வருஷம் ஆகியிருந்தது. "விலாசம் மாறிட்டுக்கா. அத்தான் அம்புடலை" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் புத்தகத்தை என்னிடம் நீட்டினார். அந்த நாடே உடைந்துபோனதால் அது தமிழில் அச்சிட்ட புத்தகங்களை ரயில் ஜங்ஷன் நடைபாதையில் குவித்து விற்கிறார்களாம். அட்டையில் 'இரண்டாம் பாகம்' என்று போட்டிருந்தது. முதல் பாகம் குவியலில் இல்லை.

அம்மா பீடி சுற்றும்போது நான் எதையாவது உரக்க வாசிக்க வேண்டும். அவள் கை ஓடும். ஆறாம் வகுப்போடு நின்ற என் படிப்பில் மிஞ்சிய உபயோகம் அதுதான். மறுநாள் மத்தியானம் ஆரம்பித்தேன். எடுத்த எடுப்பில் ஓர் அரசகுமாரன் வீடு திரும்ப வழி தெரியாமல் காட்டில் அலைந்தான். கோழிக்காலில் நின்ற குடிசை அவனைக் கண்டதும் முதுகைத் திருப்பிக்கொண்டது. குதிரை பனியில் கழுத்துவரை புதைந்தது. எங்கள் மார்கழிப் பனியில் ஆட்டுக்குக் குளம்புகூட நனையாது. பெரியவளான பிறகு ஊர் ஊராய் அலைந்தபோது அந்தப் பனியையும் பார்த்தேன். அன்றைக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"போனவன் ஏன்ட்டி இத்தனை வருஷமா வரல?" என்றாள் அம்மா.

"அது முதல் பாகத்துல இருக்கும்மா."

"நான் வாசிச்சிருக்கேன்" என்றார் மாமா, சுவரைப் பார்த்துக்கொண்டு. சினிமா போஸ்டர் தவிர அவர் எதையும் வாசித்து நான் பார்த்ததில்லை. "போன ஊர்ல அவனுக்கு இன்னொரு பொண்டாட்டி இருக்காக்கா."

அம்மாவின் விரலிடுக்கில் பாதி சுருட்டிய இலை நின்றது.

"பிள்ளை இருக்கா, லே?"

"ஒண்ணு. பொட்டப்பிள்ளை. இப்பதான் நடை பழகுது."

"பொய் சொல்லுதிய மாமா! இதுல அவன் வீட்டுக்கு வரத்தானே அலையுதான்?" என்று சண்டைக்குப் போனேன்.

"அது எழுதுனவன் ஆசை, ஏட்டி."

அம்மா அந்தப் பீடிக்கு நூலைச் சுற்றி முறத்தில் போட்டாள். "வாசிச்சது போதும்" என்றாள். அன்று அவள் சுற்றியதில் பாதியைப் பீடிக் கடைக்காரர் கழித்துத் தள்ளினார்.

நான் விடவில்லை. ஒரு வாரம் வரி விடாமல் தேடினேன். ஓநாய் வந்தது, கிழவி வந்தாள், கடைசிப் பக்கத்தில் அரசகுமாரன் தன் வீட்டுக் கதவைத் தட்டினான். அந்தப் பெண்குழந்தை மட்டும் எங்கேயும் இல்லை. எழுதியவர் அவளை மறந்தே போனார் என்று அம்மாவிடம் குறை சொன்னேன்.

"அதுக்கு என்ன பேருன்னு மாமாட்ட கேட்டியா?" என்றாள்.

கேட்கவில்லை. கதையில் வருகிற பிள்ளையின் பெயர் அம்மாவுக்கு எதற்கு என்றும் விளங்கவில்லை.