கடுக்காய் மரத்தடியில் எடுத்த படம்

எங்கள் ஊரில் பிள்ளைகளுக்குப் பேச்சு வந்ததும் ஒரு பதில் சொல்லிக் கொடுத்துவிடுவோம். வெளியாள் யார் வந்து "அப்பா எங்க?" என்று கேட்டாலும், "கடுக்கா பொறுக்கப் போயிருக்காரு." அவ்வளவுதான். அதற்கு மேல் பேசக் கூடாது. என் மகளும் அப்படியே சொல்லுவாள்.

நான் காட்டில் சாராயம் காய்ச்சினேன். கடுக்காயும் பொறுக்கினேன், அது கொஞ்சம். மலைமேல் கரியாலூரைத் தாண்டி எங்கள் ஊர். கீழே டவுனில் சாராயம் குடித்து நிறையப் பேர் செத்த பிறகு மலையில் போலீஸ் கெடுபிடி ஜாஸ்தியானது. அது என் சரக்கு இல்லை. ஆனால் அதே வேலைதான். விட்டிருக்க வேண்டும். விடவில்லை.

மகள் அப்போது நாலாவது. பள்ளிக்கூடத்தில் செல்போனில் கதை செய்யச் சொன்னார்கள். ஐந்து படம், சொந்தக் குரலில் ஒரு நிமிஷப் பேச்சு. தலைப்பு, என் அப்பாவின் வேலை. பாதிப் பிள்ளைகள் வீட்டில் கேமரா போன் கிடையாது. சார் தன் போனையே மாற்றி மாற்றிக் கொடுத்தார். சில பிள்ளைகளின் அப்பா கேரளாவில். அவர்கள் எதைப் படம் எடுப்பார்கள்? சும்மா உட்கார்ந்திருந்தார்களாம். என் மகளுக்கு என் போன் இருந்தது.

என்ன சொல்லப் போகிறாய் என்று கேட்டேன்.

"கடுக்காதான். வேற இன்னா சொல்லுவேன்? எனுக்குத் தெரியாதா?"

ஞாயிற்றுக்கிழமை இருவரும் காட்டுக்குப் போனோம். ஒரு கடுக்காய் மரத்தடியில் சாக்கு மூட்டையோடு என்னை நிற்க வைத்தாள்.

"இன்னாப்பா, கடுக்காயக் கடிச்சுக்கினு நிக்கிற மாதிரி மூஞ்சி? சிரி."

"வரலடி."

"பல்லக் காட்டு, போதும்."

நாலு படம் அவள் எடுத்தாள். ஐந்தாவதில் இரண்டு பேரும் இருக்கணும் என்றாள். அவள் கை எட்டவில்லை. நான் கையை நீட்டி எடுத்தேன். முகம் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்தேன். முகத்தை மட்டும்தான் பார்த்தேன். பின்னால் ஓடையில், சாராயத்துக்கு நான் வெல்லமும் பட்டையும் ஊறப்போட்ட நீலப் பேரல். மூடியிருந்த தழை காய்ந்து சரிந்து போயிருந்தது.

படத்தை வெளியே அனுப்பச் சம்மதம் கேட்டு ஒரு தாள் வந்தது. எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க நேரமாகும். படிக்காமலே கையெழுத்துப் போட்டேன்.

பள்ளிக்கூடத்தில் டவர் எடுக்காது. சார் பைக்கில் மேட்டுக்குப் போய் நின்று அனுப்பினார். திரும்பி வந்து, "உங்க பொண்ணுதாங்க ஃபர்ஸ்ட்டு. ஜில்லா போட்டிக்கே அனுப்பிட்டேன்" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அது எத்தனை போனுக்குப் போனதோ தெரியாது. பத்து நாளில் போலீஸ் வீட்டுக்கு வந்தது. ஒருவர் போனை என் முகத்துக்கு நேராக நீட்டினார். போனுக்குள் என் மகள் பேசினாள். "எங்க அப்பா கடுக்காய் பொறுக்குகிறார். கடுக்காய் வயிற்றுக்கு நல்லது."

"யோவ், ஒங்க ஊர்ல கடுக்கா பேரல்லயா காய்க்குது?"

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். மகள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மூன்று மாதம் உள்ளே இருந்தேன். வெளியே வந்ததும், பிள்ளை பள்ளிக்கூடத்தில் வாயே திறப்பதில்லை என்று மனைவி சொன்னாள். சாரைப் போய்ப் பார்த்தேன்.

"படத்தப் பெருசு பண்ணிப் பாக்கலிங்க. அன்னிக்கே அனுப்பணும்னாங்க, அனுப்பிட்டேன்" என்றார். "இப்ப கேள்வி கேட்டா எழுதிக் காட்டறா. பேச மாட்டேங்கறா." என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை.

மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

"அந்தப் படத்த எடுத்தது நானு. ஒம்மேல தப்பு இல்ல."

புத்தகப் பையை மறு தோளுக்கு மாற்றினாள்.

"சார் வெளிச்சத்துல எடுக்கச் சொன்னாரு. அந்த மரத்துக்கு நாந்தான் கூட்டிக்கினு போனேன்."

"காய்ச்சுனது நானுடி" என்றேன்.

அவள் இப்போது அஞ்சாவது படிக்கிறாள். வகுப்பில் இன்னும் எழுதித்தான் காட்டுகிறாளாம்.