தொக்ஜாவின் தொப்பித் தவளை

தொக்ஜா அக்காவின் தையல் கடை என் நூடுல்ஸ் கடைக்கு நேர் எதிரே. காங்வோன் மலைக்குள், எல்லை வேலியை ஒட்டிய எங்கள் ஊர்ப் பட்டாளத்துக்குத் தோள் சின்னம் தைத்துக் கொடுத்தவள் அவள்தான். மூன்று சிகரம், கீழே ஒரு சிவப்புக் கோடு. கோடு எங்கள் ஆறு. போரில் எதிரி சூழ்ந்தபோதும் இந்தப் படைப்பிரிவு ஆற்றைத் தாண்டிப் பின்வாங்கவில்லையாம். அந்தச் சிவப்பு, செத்தவர்களின் ரத்தம்.

அக்காவின் கணவர் மா கியூசிக் அதே பிரிவில் சார்ஜென்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுச் சட்டையிலும் சின்னம் தைக்கச் சொன்ன மனிதர். ஆற்றைத் தாண்டிக் குடிபோவது அவருக்குக் கோழைத்தனம். ஆற்றுக்கு அந்தப் பக்கம், இன்சியோன் நகரத்தில் மகள் அறை ஒதுக்கிக் காத்திருந்தாள். அவர் சொல்லாமல் வாசல் தாண்டிப் பழகாத அக்காவுக்கு இங்கேயே தலை நரைத்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சேவை முடித்து ஊர் திரும்பும் பையன்கள் தொப்பியில் 'தவளை' என்கிற விடுவிப்புச் சின்னம் தைத்துக்கொள்ள அவளிடம் வருவார்கள். அதில் தவளைப் படமே கிடையாது. பெயர் மட்டும் அப்படி. அந்தத் தொப்பியோடு மேலதிகாரிக்கு சல்யூட் அடித்து, அவர் பதில் சல்யூட் அடித்துவிட்டால் பஸ் ஏறலாம்.

போன வருடம் ஆள் போதாமல் பிரிவையே கலைத்துவிட்டார்கள். கடைத்தெரு வெறிச்சோடியது.

"யாருக்குங்க இனிமே தைக்கறது? வாங்க, மக வீட்டுக்குப் போயிரலாம்" என்றாள் அக்கா.

"பிரிவைத்தான் கலைச்சாங்க. எனக்கு யாரு உத்தரவு குடுத்தா?"

"உத்தரவு குடுக்கறவரு நாற்காலியே லாரில போயிருச்சு!" என்று நான் இங்கிருந்து கத்தினேன்.

"நீ உன் அடுப்பைப் பாரு."

மறுநாள் அக்கா அவருடைய பழைய தொப்பியில் தவளை தைத்து நீட்டினாள். அவர் தொடவில்லை. அக்கா அதைத் தன் தலையில் வைத்து, விறைத்து நின்று சல்யூட் அடித்தாள்.

"தையல்காரி தொக்ஜா! சேவை முடிஞ்சு வீட்டுக்குப் போறேன், ஐயா!"

பட்டாளத்துப் பழக்கம், அவர் கை தானாக நெற்றிக்கு ஏறிவிட்டது. ஏறிய பிறகுதான் மனிதருக்கு உறைத்தது. பெரியவர் இறக்காமல் சின்னவர் கையை இறக்கக் கூடாது என்பது முறை. அவர் இறக்கவில்லை. பஸ் ஹாரன் அடித்தது. பாவி மனுஷா, இறக்கித் தொலையேன் என்று பல்லைக் கடித்தேன். அவளும் அசையவில்லை.

"தொப்பி கோணலா இருக்குடி" என்று, அதை நேராக்கத்தான் அவர் கையை இறக்கினார்.