கலந்துவிட்ட வாளி

டைல்ஸ் ஒட்டுகிறவனுக்குத்தான் எப்போதும் பேர். நடுவில் உள்ள இடுக்குகளை அடைக்கிறவரை யாரும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. நான் குழாய் வேலைக்காரன். எங்கே தண்ணீர் கசிந்தாலும் முதல் திட்டு எனக்குத்தான் விழும், அதனால் இடுக்கை யார் ஒழுங்காக அடைக்கிறார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நான் பார்த்தவரையில் கோட்டக்கா ஒருவர்தான். டைல்ஸுக்கு நடுவே கோடு கோடாகப் பூசுவதால் வந்த பட்டப்பெயர் அது.

அக்கா கணவரைப் பிரிந்து, அண்ணன் வீட்டு மாடி அறைக்கு வந்து பதினோரு வருடமாகிறது. அண்ணன் டைல்ஸ் ஒட்டுவார், அக்கா இடுக்குகளை அடைக்கும் கிரவுட் பூசுவார். மெல்லிய இடுக்கென்றால் மணல் இல்லாத பொடி, அகலமென்றால் மணல் கலந்தது. பளபளக்கிற கல்லில் மணல் கீறிவிடும் என்று பக்கத்திலேயே விடமாட்டார். எண்ணெயும் அமிலமும் சிந்துகிற இடத்துக்கு எபாக்ஸி என்கிற பிசின் கலவைதான். அண்ணனோ ஏதோ ஒரு பொடியை வாங்கி வந்து, "எல்லாம் ஒண்ணுதான், பூசு" என்பார். பெரிய சண்டை நடக்கும். வேலை முடிந்து வீட்டுக்காரர் பாராட்ட வரும்போது மட்டும் அண்ணன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் நிற்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள், மருத்துவமனை கட்டுகிற பெரிய காண்ட்ராக்டர் ஒருவர் அக்கா பூசிய குளியலறைத் தரையை விரலால் தடவிப் பார்த்தார். "இதப் பூசினது யாரு?" என்றார். தன் கட்டடங்களுக்கெல்லாம் டைல்ஸ் மேற்பார்வை பார்க்க ஆள் வேண்டும், தங்க வீடும் உண்டு, வியாழக்கிழமை பதினோரு மணிக்கு அலுவலகத்துக்கு வாருங்கள் என்றார். அக்கா அதை அண்ணனிடம் சொன்னபோது, "போயிட்டு வா" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். அவ்வளவு லேசாகச் சொன்னதுமே எங்களுக்கு உறைத்திருக்க வேண்டும்.

வியாழக்கிழமை ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை. பத்தரைக்குக் கிளம்பிவிடலாம் என்று அக்காவும் வந்திருந்தார். எபாக்ஸியில் ஒரு தொல்லை உண்டு: கலந்த ஒரு மணி நேரத்தில் கல்லாகிவிடும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கலக்க வேண்டும். பத்து இருபதுக்குப் புடவை மாற்றிக்கொண்டு அக்கா திரும்பி வந்தபோது, அண்ணன் வாளி நிறையக் கலந்து தரை முழுக்கக் கொட்டி வைத்திருந்தார்.

"அவசரத்துல கலந்துட்டேன்மா. எனக்குதான் இது வராதே."

அப்படியே விட்டால் ஒட்டிய டைல்ஸ் அத்தனையையும் உடைத்து எடுக்க வேண்டியதுதான். அக்கா தரையையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்க கிளம்புங்கக்கா, நான் தேய்க்கிறேன்" என்றேன்.

"நீ தேய்ச்சா சாப்பாட்டுல கிரவுட்டுதான் இருக்கும். தள்ளு."

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கையுறை மாட்டி, ரப்பர் பலகையுடன் மண்டியிட்டார். பலகையைச் சாய்த்துக் குறுக்காக இழுத்து, ஒவ்வொரு இடுக்கிலும் அழுத்தி நிரப்பி, பின்னாலேயே ஈர ஸ்பாஞ்சால் துடைத்துக்கொண்டு வந்தார். கொஞ்சம் தாமதித்தால் படலம் பிடித்துவிடும். நான் தண்ணீர் மாற்றி மாற்றிக் கொடுத்தேன். பதினோரு மணிக்குக் காண்ட்ராக்டருக்குப் போன் போட்டு அக்காவின் காதில் வைத்துப் பிடித்தேன்.

"ஐயா, ஒரு மணி நேரம் பொறுத்துக்கிட்டீங்கன்னா..."

"நான் கிளம்பணும்மா. இங்க இன்னொருத்தர் காத்துக்கிட்டு இருக்காரு. அவரையே போட்டுக்கிறேன்."

அக்கா போனிலிருந்து காதை விலக்கிக்கொண்டு அடுத்த வரிசைக்கு நகர்ந்தார். பதினொன்றே காலுக்குத் தரை கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்தது. ஒரு பொட்டுக் கறை இல்லை.

வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த அண்ணனிடம் போய் நின்றார். "தெரிஞ்சேதான கலந்த?"

அண்ணன் மறுக்கக்கூட இல்லை. "ஆமா. நீ அப்படியே போட்டுட்டுப் போயிருக்கலாமே. யாரு உன்னப் புடிச்சு வச்சா?"

நான் அவரை அடித்திருப்பேன். அக்கா உள்ளே வந்து, கையுறையைக் கழற்றித் தன் இரண்டு கைகளையும் வெறுப்போடு பார்த்தார்.

"சரியாத்தான்டா சொல்றான்" என்றார் என்னிடம். "நாளைக்கும் கொட்டுவான். நாளைக்கும் நான் உக்காந்து தொடைப்பேன்."