பச்சை லாரியின் எஞ்சின் எண்

என் கணவரின் அக்கா டிரெய்லர் ஓட்டுகிறவர். ஒரகடத்தில் புது கார்களை ஏற்றிக்கொண்டு எண்ணூர் துறைமுகத்துக்குப் போவார். அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். வாலாஜாபாத்தில் மரம் அறுக்கும் மில் ஒன்றை மூடியபோது, அங்கே ஓடாமல் நின்ற பழைய பச்சை ஆர்மி லாரியை வாங்கி, கட்டி இழுத்துக்கொண்டு வந்து எங்கள் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டார். எதற்கு என்று கேட்டேன். "ஓட்டத்தான். வேற எதுக்கு?" என்றார்.

எஞ்சின் ஆயிலில் தண்ணீர் கலந்திருந்தது. எஞ்சினின் மூடியான ஹெட்டுக்கும் உடம்பான பிளாக்குக்கும் நடுவே தண்ணீரை அடைத்து நிற்கும் கேஸ்கட் போயிருக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மறைமலை நகரில் எஞ்சின் பொருத்தும் லைனில் நான் தரம் பார்க்கிறேன். ஆனால் அங்கே ஸ்கேனரை நீட்டினால் போதும், எஞ்சினின் ஜாதகமே திரையில் வந்து நிற்கும். இங்கே டேஷ்போர்டில் ஒரு பித்தளைத் தகடு இருந்தது. அதிலிருந்த மாடல் எண்ணைப் படம் எடுத்து, புதுப்பேட்டை உதிரிபாகக் கடையில் காட்டிப் புது கேஸ்கட் வாங்கி வந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை ஹெட்டைக் கழற்றி, துண்டு துண்டாகப் பிய்ந்து வந்த பழையதைச் சுரண்டிவிட்டுப் புது கேஸ்கட்டை வைத்தால், சிலிண்டர் வாய்க்குள் அதன் விளிம்பு நீட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் ஓட்டைகளும் தள்ளி நின்றன.

"இன்னாமா இது? வேற வண்டிதைக் குட்த்துட்டானா?"

"தகட்டுல இருக்கறதைத்தானே காட்டினோம் அண்ணி!"

கடைக்காரருக்குப் போன் போட்டேன். அவர் சிரித்தார். "ஆர்மி வண்டில தகட நம்பாதீங்க மேடம். ஒர்க்‌ஷாப்புக்குப் போனா எஞ்சினக் கயட்டி வேற மாட்டி அனுப்பிடுவாங்க. பிளாக்குல நம்பர் அடிச்சிருப்பாங்க. அதப் பாத்துச் சொல்லுங்க."

பிளாக்கில் எங்கே? மேலே மில்காரர் அடித்த நீலம், அதன் கீழே ராணுவப் பச்சை, அதற்கும் கீழே இன்னொரு பச்சை. தின்னரில் துணியை நனைத்து ஆளுக்கொரு பக்கம் தேய்த்தோம். ஜெனரேட்டருக்குப் பின்னால், கை மட்டும் நுழைகிற இடத்தில், விரலில் ஏதோ பள்ளம் தட்டியது. நான் கத்திய கத்தலில் எதிர் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

டார்ச் அடித்தும் எழுத்து தெரியவில்லை. அண்ணி தன் கைப்பையிலிருந்து முகப் பவுடரை எடுத்து அதன்மேல் அப்பி, உள்ளங்கையால் துடைத்தார். பள்ளங்களில் மட்டும் வெள்ளை தங்கியது. எண்கள் வரிசையாக எழுந்து வந்தன. கடைசியில் ஒன்று மட்டும் எங்களைப் படுத்தியது.

"எட்டு," என்றார் அண்ணி.

"இல்ல, பி. இடது பக்கம் கோடு நேரா இருக்கு பாருங்க."

"உன் கண்ணுக்கு நேரா கீது. எனுக்கு எட்டாத்தான் கீது."

கடையில் கேட்டால், இரண்டுமே உண்டு என்றார்கள். எட்டு என்றால் சின்ன சிலிண்டர், பி என்றால் பெரியது. அப்புறம் சண்டை எதற்கு? வெர்னியரை எடுத்து சிலிண்டர் வாயை அளந்தேன். பெரியதுதான். அண்ணி வெர்னியரை வாங்கித் தானும் ஒருமுறை அளந்துவிட்டு, "சரி, பி தான். ஆனா எட்டு மாதிரிதான் கீது," என்றார்.

அடுத்த ஞாயிறு, சரியான கேஸ்கட் ஓட்டைக்கு ஓட்டை வந்து உட்கார்ந்தது. எல்லாம் பூட்டிவிட்டு அண்ணி செல்ஃப் அடித்தார். லாரி இருமியது, நின்றது, மறுபடி இருமியது. பிறகு தெருவே அதிரும்படி உறுமியது. எதிர் வீட்டு மாடியில் காய்ந்த வேட்டிகள்மேல் புகை போய்ப் படிந்தது. அந்த வீட்டுக்காரர் திட்டத்தான் வந்தார். அண்ணி, "ஏறுங்கண்ணே, ஒரு ரவுண்டு போலாம்," என்றதும் செருப்பைக்கூடப் போடாமல் ஏறிக்கொண்டார்.

ஹாரன் வேலை செய்யவில்லை. அண்ணி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி "ஓரம் போ, ஓரம் போ" என்று கத்தியபடியே ஓட்டினார். ஷிப்டு முடிந்து திரும்பிய கம்பெனி பஸ்ஸிலிருந்து பையன்கள் சல்யூட் அடித்தார்கள். ஏரிக்கரையில் திருப்பலாம் என்று நிறுத்தியபோதுதான் ரிவர்ஸ் கியர் விழாது என்பது தெரிந்தது. மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். எதிர் வீட்டுக்காரர்தான் முதலில் சிரித்தார். ஏரியை முழுக்கச் சுற்றிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தோம்.