பக்தவத்சலம் பிடுங்கிய பியூஸ் கட்டை

மாமல்லபுரத்துக்கும் திருக்கழுக்குன்றத்துக்கும் நடுவே பக்தவத்சலத்துக்குத் தெரியாத மேடு பள்ளம் கிடையாது. மூன்றாம் வகுப்போடு சிலேட்டுப் பலகையைக் கீழே வைத்தவர். சவுக்குக் கட்டை சுமந்து, அடுத்தவன் வண்டி ஓட்டி, பிறகு சொந்த வேன், நாலு ஏக்கர் தோப்பு. எவன் தயவும் கிடையாது. மோட்டார் கொட்டகைக்குக் கரண்ட் வாங்க மட்டும் ஆறு வருஷம் நடையாய் நடந்தார். கிடைத்த அன்று கொட்டகை உச்சியில் பெரிய விளக்கொன்றை மாட்டினார். பதினோரு வருஷமாக அந்தி சாய்ந்தால் அது எரியாமல் இருந்ததில்லை.

தொண்ணூற்றேழு ஏப்ரலில் வால்நட்சத்திரம் வந்தது. கல்பாக்கத்தில் வேலை பார்த்த ஜானகிராமன், அதைப் பார்க்கப் பக்தவத்சலத்தின் வேனை வாடகைக்கு எடுத்து, இருட்டான இடம் தேடி மூன்று சாயங்காலம் சுற்றினார். கடற்கரையில் லாட்ஜ் வெளிச்சம். மலையடியில் கோயில் வெளிச்சம். மறுவாரம் நிலா வளர்ந்துவிடும் என்று கவலைப்பட்டார்.

"இருட்டுதானே சார்? நம்ம தோப்பாண்ட ஏரிக்கரை கீது. எதிர்ல ஆள் நின்னாக்கூடத் தெரியாது," என்றார் பக்தவத்சலம்.

வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததும் கரையேறினார்கள். வால்நட்சத்திரம் இருக்க வேண்டிய வடமேற்கில் ஒரு விளக்கு கண்ணைப் பறித்தது.

"அது யார் வெளக்கு, பக்தவத்சலம்?"

"நம்மளுதுதான் சார்."

"பரவாயில்ல. விடுங்க," என்றார் ஜானகிராமன். ஆனால் ஒன்றரை மணி நேரத்தில் வால்நட்சத்திரம் இறங்கிவிடும். வெள்ளிக்கிழமை ஏற்றிய விளக்கை அணைப்பதா? அணைக்காவிட்டால் கொடுத்த வாக்கு என்னாவது? பக்தவத்சலம் கொட்டகைப் பக்கம் இரண்டடி வைத்துத் திரும்பி வந்தார்.

கொட்டகையிலிருந்து மனைவி செங்கம்மாள் வந்தாள். "இன்னாய்யா, வாய் மட்டும் ஊரெல்லாம் போவுது, கை பியூஸ் கட்ட வரைக்கும் போவாதா?"

"வெள்ளிக்கெழமடி."

"உள்ள ஒரு அகல் ஏத்தி வெச்சுட்டுக் கதவச் சாத்தறேன். நீ புடுங்கு."

அவள் ஏற்றினாள், அவர் பிடுங்கினார். ஜானகிராமன் அவர் தோளைப் பிடித்துத் திருப்பினார். சவுக்கு நுனிகளுக்கு மேலே, கோலமாவுக் கையை வானத்தில் தீற்றியது போல வால்நட்சத்திரம் நின்றது. தன் தோப்புக்கு மேலே இத்தனை இருந்ததா என்று பக்தவத்சலம் அண்ணாந்து பார்த்தார். அவருக்கு அது புதுசு.

பிறகு சென்னையை ஒட்டிய நாவலூர்ப் பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனிக் கட்டடங்கள் எழுந்து, அங்கிருந்தும் ஆட்கள் நட்சத்திரம் பார்க்க இருட்டைத் தேடி வரத் தொடங்கினார்கள். அமாவாசைதோறும் பியூஸ் கட்டை அவர் சட்டைப் பையில் இருக்கும். யாராவது நன்றி சொன்னால், "தோப்பு, வேன், வூடு எல்லாம் நானா சம்பாரிச்சது. மேல கீறது மட்டும் ஜானகிராமன் சார் குடுத்தது. அவருக்குச் சொல்லு," என்பார்.

அமாவாசை வெள்ளிக்கிழமையில் வந்தால், செங்கம்மாள் அகலோடு முன்னே நடப்பாள்.